பூளைப்பூ, போர்த்தூள், பனியன் வேஸ்ட்

கேள்வி இது: "கலப்பு ஊடகத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இயற்கை, பயணம், மனித உறவு, இந்த மூன்றும்தான் எனக்கு உந்துதல் என்கிறார்கள். கண்காட்சிக் கையேட்டுக்காகச் சொல்கிற வாசகமா இது, உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறதா? நான் ஈரோட்டுப் பக்கம். இங்கே வரைய என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை."

பாதி வாசகம், பாதி உண்மை. நானே இரண்டு கையேடுகளில் அந்த மூன்று சொல்லையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவையும் ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது, காலையில் அச்சுக்குப் போகணும், நாலு வரி அனுப்புங்க என்று. அந்த நேரத்தில் வாய்க்கு வருவது அதுதான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சோறு, தண்ணி, தூக்கம் என்று சொல்வது மாதிரி எல்லாருக்கும் பொருந்தும், கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறந்தது காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில், இருப்பது கோயமுத்தூரில். என் அனுபவத்தில் அந்த மூன்றும் தனித்தனியாக வந்ததே இல்லை. ஏதோ ஒரு பொருள் கைக்கு வரும். அது எந்த மண்ணில் விளைந்தது, எந்த ஊரைத் தாண்டி வந்தது, யார் கொடுத்தார் என்ற மூன்றும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அப்போதுதான் எனக்கு வேலை ஓடியிருக்கிறது.

"வரைய என்ன இருக்கிறது" என்கிறீர்கள். எண்ணெய் வண்ணக்காரருக்கு அது நியாயமான கேள்வி. அவர் வெள்ளிங்கிரியை வரைந்தாலும் மெரினாவை வரைந்தாலும் அதே டியூப், அதே கித்தான். நமக்குக் கித்தானே முடிவாகாமல் கிடக்கிறது. அதனால் கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. வண்ணத்தோடு காகிதம், துணி, நூல், மண், இரும்பு, பழைய புகைப்படம் என்று எதையும் ஒரே பரப்பில் சேர்ப்பதைக் கலப்பு ஊடகம் என்கிறோம். 1912இல் பிக்காசோ ஒரு படத்தில், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியை ஒட்டிச் சுற்றிலும் கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் குர்ட் ஸ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் என்று பொறுக்கி ஒட்டினார். தன் வேலைக்கு அவர் வைத்த 'மெர்ஸ்' என்ற பெயரே 'கொமெர்ஸ்' என்ற வங்கி விளம்பரச் சொல்லில் கிழிந்து மிஞ்சிய துண்டுதான். நம் நாட்டில் எனக்கு மிகப் பெரிய ஆள் வினோத் பிஹாரி முகர்ஜி. 1957இல் கண் பார்வை போனபின் காகிதத்தைத் தடவித் தடவி வெட்டி, கிழித்து, ஒட்டிப் படம் செய்தார். காட்சிதான் உந்துதல் என்று யாராவது அடித்துப் பேசினால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

ஆனால் நான் இதைப் படித்துக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டு வாசல் நிலையில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டுகிற காப்பு. உங்கள் வீட்டிலும் கட்டுவீர்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்து வாசல், கிணற்றடி, கட்டுத்தரை, தோட்டத்து மூலை, வண்டி என்று எல்லா இடத்திலும் சொருகுவோம். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அடுத்த தையில் புதுசு கட்டுகிறவரை அது அங்கேயே இருக்கும். அதை வருஷம் பூராவும் பாருங்கள். ஆவாரை மஞ்சள் நாலே நாளில் பழுப்பாகிச் சுருங்கும். வேப்பிலை காய்ந்து உதிர்ந்து ஈர்க்கு மட்டும் நிற்கும். பூளை மாத்திரம் சித்திரை வெயிலைத் தாண்டியும் அதே பஞ்சு வெள்ளையில், வடிவம் குலையாமல் இருக்கும். மூன்று பொருளும் மூன்று வேகத்தில் மூப்படைகின்றன. ஒரு கலப்பு ஊடகக்காரிக்கு வேண்டிய பாடத்தில் பாதி இதில் முடிந்துவிட்டது. கல்லூரியில் இதையே ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தார்கள்.

இயற்கை என்று நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். மலை, அருவி, சூரிய உதயம் எல்லாம் அழகுதான், ஆனால் அவை என் வேலைக்குள் வந்ததில்லை. ஒரு பொருள் வெயிலில், காற்றில், ஈரத்தில் என்ன ஆகிறது என்பது வந்திருக்கிறது.

எங்கள் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவில் மாட்டு வண்டி போகிற இட்டேரி. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் 'இங்க என்ன இருக்கு, முள்ளுதான்' என்பார்கள். கோடையில் கிளுவை இலையே இல்லாமல் வெறும் கோடாக நிற்கும்; அந்தக் கோடுகளை நான் பேனா மசியில் எத்தனையோ தடவை வரைந்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். கடைசியில் ஒரு ஆடி மாதம், கஞ்சி போட்ட நாலு வெள்ளை வேட்டித் துணிகளை வேலியிலேயே விரித்துக் கட்டிவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று தாராபுரம், பல்லடம், உடுமலை என்று காற்றாலைகளையே சுற்றவைக்கிற காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், துணி என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்பது கணக்கு. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிற பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங் அம்மிணி, துணியக் காயப் போட்டுட்டு மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

நாற்பது நாள் கழித்து எடுத்தபோது முள் பட்ட இடமெல்லாம் ஒரே திசையில் கிழிந்து, இழை இழையாகக் கிழக்கே பார்த்து நின்றது. செம்புழுதி அதே திசையில் ஏறியிருந்தது. என் பேனாவுக்கு வராத கோடு அதில் வந்திருந்தது. ஒரு துணியின் மூலையை ஆடு தின்றிருந்தது, கஞ்சி வாசத்துக்கு. அந்த மூலையையும் அப்படியே வைத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். இப்போது அந்த இட்டேரியில் பாதி தூரம் கம்பிவேலி. கம்பியில் துணி கட்டினால் கிழிவது வேறு மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

மஞ்சள் விஷயத்தில் பட்டது பெரிய அடி. ஈரோட்டுக்காரர் நீங்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். விரலி மஞ்சளை இடித்து, துணியில் வடிகட்டி, வேலம்பிசினில் குழைத்து ஆறடிக்கு ஒரு வேலை செய்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் தொட்ட இடமெல்லாம் குங்குமச் சிவப்பாக மாறும். அந்த மாற்றத்தை வைத்தே படம். நன்றாகப் பேசினார்கள், ஒருவர் வாங்கியும் போனார். ஒன்றரை வருஷத்தில் அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்; மஞ்சள் வெளுத்துப்போய், பழைய காகிதம் மாதிரி ஒரு நிறம். மஞ்சளின் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. எங்கள் அம்முச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, தெரிந்த விஷயம், மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போடு என்பார். எனக்கு உறைக்கவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் அதையே வேலையாக்கினேன். மஞ்சள் பூசிய பெரிய காடாத் துணியின் மேல் சோற்று வட்டல்களைக் கவிழ்த்து மொட்டை மாடியில் ஒரு மாதம் வைத்தேன். வட்டல் இருந்த இடம் மட்டும் மஞ்சள் வட்டமாக நின்றது, மற்றதெல்லாம் போய்விட்டது. பந்தி முடிந்து எழுந்து போன மாதிரி இருந்தது. அந்தத் துணியைக் கறுப்புத் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறேன்; பார்க்க வருகிறவர்கள் தாங்களே விலக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் மங்கும்.

கடுக்காயும் துருவும் சேர்ந்த கறுப்பு இதற்கு நேர்மாறு. அது மங்காது, ஆனால் வருஷக்கணக்கில் துணியையும் தாளையும் உள்ளிருந்து அரிக்கும். எது போகும், எது தின்னும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். வனத்துறைக் காட்டுக்குள் போய் எதையும் பொறுக்காதீர்கள், அது சட்டப்படி தப்பு. மரத்தின் வெட்டுமுகம், பட்டை, விதை எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது.

அடுத்து பயணம். முதலில் எங்கள் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்ததிலேயே உருப்படியான வேலைக்குப் பயணம் போனது நான் இல்லை, அவர்தான்.

சித்தப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருந்தவர். அந்த ஊர் போர் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும்; ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று ஆறு மாதம், எட்டு மாதம் வீட்டுப் பக்கமே வரமாட்டார்கள். ஒருமுறை அவர் வரும்போது எனக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டார். விளையாட்டாக, 'அந்த ஊரு மண்ணு கொண்டாங்க' என்றேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர் போடும்போது காற்றழுத்தத்தில் குழிக்குள்ளிருந்து பாறைத்தூள் மேலே வீசும். அந்தத் தூளின் நிறத்தைப் பார்த்தே இப்போது எந்தப் பாறையில் இருக்கிறோம், தண்ணீருக்கு வாய்ப்பு உண்டா என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். சித்தப்பா ஒவ்வொரு குழியிலும் நிறம் மாறுகிற இடத்தில் ஒரு பிடி எடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, பேனாவில் ஊர்ப் பெயரும் அடியும் எழுதிக் கொண்டுவந்தார். 40 அடி, 120 அடி, 310 அடி. சிவப்பு, பழுப்பு, சாம்பல், கருநீலம், ஒரு இடத்தில் இளம் பச்சை. முப்பது நாற்பது கவர் இருக்கும். சில கவர்களில் அடிக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை: 'தண்ணி', 'புழுதி'. புழுதி என்றால் கடைசிவரை தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். நம் பக்கத்தில் ஆயிரம் அடி போட்டும் புழுதி பார்த்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தூளைப் பழைய வாயல் சேலைத் துணியில் சலித்து, அக்ரிலிக் பசையில் குழைத்து, மூன்று விரல் அகலத்துக்கு நீள நீளமான துணிப் பட்டைகளில் அடுக்கடுக்காகப் பூசினேன். ஒரு குழிக்கு ஒரு பட்டை. அடிக்கணக்கு அளவுப்படி. சலிக்காமல் பூசிய முதல் இரண்டும் காய்ந்ததும் வெடித்துக் கொட்டிவிட்டன. கரடான தூளைப் பசை பிடிக்காது. பட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டபோது சித்தப்பா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஒன்றின் முன்னால் நின்று, "இந்தக் குழியிலதான் அம்மிணி கம்ப்ரசர் பஸ்டாச்சு, ரெண்டு நாளு சோறில்லாம கெடந்தோம்" என்றார். அவருக்கு அது நாட்குறிப்பாக இருந்தது. எனக்கு அதுவரை அது நிறம்.

இதில் எது இயற்கை, எது பயணம், எது மனித உறவு? பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

நான் போன பயணங்களில் பெரும்பாலானவை வீண். ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததை அப்படியே வரைந்தவைதான் என் வேலைகளிலேயே மட்டமானவை. மாட்டியிருந்த இடத்திலிருந்து நானே கழற்றியிருக்கிறேன். ஒரே ஒரு பயணம் மட்டும் என்னைத் திருப்பிப் போட்டது. 2013 பிப்ரவரியில் கொச்சி பினாலே பார்க்கப் போனேன். பினாலே என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சி; இது 2012 டிசம்பரில் தொடங்கிய முதலாவது. கோவையில் காலை ரயில் ஏறினால் மத்தியானம் எர்ணாகுளம், அங்கிருந்து போட்டில் கோட்டைக் கொச்சி.

ஆஸ்பின்வால் ஹவுஸ் வளாகத்தில் ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டார்ஸும் செய்த ஒரு வேலை. பெங்களூரில் பழைய வீடுகளை இடித்தபோது தெருவுக்கு வந்துவிட்ட ஆட்டுக்கல்கள், நூற்றுக்கு மேல். கொண்டுவந்து சும்மா வைத்திருந்தார்கள். வண்ணம் இல்லை, செதுக்கல் இல்லை. நான் அங்கே நின்று சிரித்துவிட்டேன், பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டு ஆட்டுக்கல்லைத் தெருவுக்கு அனுப்பியது யார்? எங்கள் ஊர் கிரைண்டர்! 1950களில் கோயமுத்தூரில் பிறந்த சாமான். எங்கள் வீட்டுப் பின்பக்கப் பொடக்காணியில் கவிழ்ந்து கிடக்கிற ஆட்டுக்கல்லில் இருபது வருஷமாகக் கோழிக்குத் தண்ணி வைக்கிறோம். அதைப் பார்க்க நான் ரயிலேறிக் கொச்சிக்குப் போக வேண்டியிருந்தது.

அதே பினாலேயில் விவான் சுந்தரம், பழைய துறைமுகமான முசிறி என்று கருதப்படுகிற, கேரளத்துப் பட்டணம் என்ற ஊரில் அகழாய்வில் கிடைத்து ஒதுக்கிவைத்த பானை ஓட்டுச் சில்லுகளை அடுக்கி ஒரு நகரமே செய்திருந்தார். அதில் மிளகையும் தண்ணீரையும் பாயவிட்டு எடுத்த படமும் ஓடியது. திரும்பி வரும்போது ரயில் கணவாய்க்குள் நுழைகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது, இது அந்தப் பழைய வணிக வழியேதான். மேற்குக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாக, நொய்யல் ஓரமாகக் கொடுமணல், அங்கிருந்து கரூர். கொடுமணல் எங்கள் ஊரிலிருந்து மொபெட்டில் போகிற தூரம். சின்ன வயதில் மழைக்குப் பிறகு அந்தக் காட்டில் பழைய கல்மணி பொறுக்கியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் கிடைத்தது முழு மணி மட்டும் இல்லை. மூலக் கல், உடைத்த துண்டு, பாதி துளைத்தது, துளைக்கும்போது உடைந்தது, மெருகு போடாதது என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருக்கிறது. பச்சைக்கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர் இருக்கிறது. சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பதிற்றுப்பத்து இந்த ஊரைக் 'கொடுமணம்' என்கிறது. அங்கே கிடைக்கிற நகையை 'வினைமாண் அருங்கலம்' என்கிறது. வேலைப்பாட்டில் சிறந்த பொருள். கல் எங்கிருந்தோ வரட்டும், வேலை இங்கே நடந்தது. நான் அதற்கப்புறம் முடிந்த துண்டுகளோடு கெட்டுப்போன துண்டுகளையும் ஒரே சட்டத்தில் வைக்க ஆரம்பித்தேன். அகழ்ந்த இடத்தில் நீங்கள் எதையும் எடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன். வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல் வேண்டுமென்றால் வரப்பு வரப்பாகக் குவிந்து கிடக்கிறது, காட்டுக்காரரைக் கேட்டால் வண்டி வைத்து எடுத்துப் போங்கள் என்பார்.

வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்து கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கரான ராபர்ட் ராஷன்பர்க் 1975இல் அகமதாபாத் வந்து, காந்தி ஆசிரமத்துக் காகித ஆலையில் வேலை செய்தார். திரும்பிப் போனபின் அவர் செய்த 'ஜாமர்ஸ்' வரிசையில் பெரும்பாலும் கழியும் பட்டுத் துணியும்தான். ஒரு ஊர் அவர் கையை மாற்றியிருக்கிறது. எனக்குக் கொச்சி செய்த மாதிரி என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான், இருக்கட்டும்.

மூன்றாவது மனித உறவு. கையேட்டில் எழுதும்போது கேட்க இனிமையாக இருக்கிற சொல் இது. நடைமுறையில் நிறைய வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளில், கட்டிங் வேஸ்ட்டில், நான் நாலைந்து வருஷம் வேலை செய்தேன். குடோனில் கிலோக் கணக்கில் வாங்கலாம். வெள்ளை தனி, நிறம் தனி, பெரும்பகுதி கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது, நிறம் பிரித்த வேஸ்ட் சாயம் போடாமலே நிற நூலாகிவிடும். எனக்கு அதில் பிடித்தது வடிவம். பனியன் உடம்பு போய்விடுகிறது. கழுத்துக் குழியும் கைக்குழியும் மூட்டைக்கு வருகின்றன. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், அதனால் கஞ்சி போட்டு இஸ்திரி வைத்துத்தான் ஒட்ட முடியும். நூற்றுக்கணக்கான அரைவட்டங்களை ஒட்டி, நொய்யல் ஆற்றின் வளைவு என்று ஒரு படம் செய்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தையொட்டிச் செய்தது. ஆற்று நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறது என்று சொன்ன ஊர் அது, விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஆற்றை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "அக்கா, இது பெரியாளு சைஸ் கழுத்து. இது பாப்பா சைஸ். ரெண்டையும் கலந்து ஒட்டிட்டீங்களே" என்றார். அரைவட்டம் என்று நான் நினைத்தவை எல்லாமே அவருக்கு அளவு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்குப் பிரித்துக் காட்டினார்: எது மடிப்பில் விழுந்தது, எது கத்தி நழுவியது, எது புது ஆள் வெட்டியது. நான் பாதிப் படத்தைப் பிய்த்துவிட்டு, சிறிய கழுத்திலிருந்து பெரிய கழுத்து வரை வரிசையாக ஒட்டினேன். ஆறு போய்விட்டது, ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகிற மாதிரி ஒரு வரிசை வந்தது. இரண்டாவதுதான் நல்ல படம்.

கண்காட்சிக்கு அவரும் அதே கம்பெனியில் கைமடிக்கிற பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி பெயர்ச்சீட்டை வாசித்துவிட்டு, "உங்க பேரு மட்டுந்தானுங்களா போடுவாங்க?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதிருந்து பொருள் கொடுத்தவர், திருத்தியவர் பெயர்கள் அவர்கள் சம்மதத்தோடு சீட்டில் வரும். ஒரு கேலரியில் சீட்டு ரொம்ப நீளமாக இருக்கிறது என்றார்கள். படத்தைச் சின்னதாக்கிக் கொள்ளுங்கள் என்றேன்.

பவானியிலும் ஒன்று நடந்தது. ஜமக்காளம் நெய்கிற பெரியவர் ஒருவரிடம், தறியில் மிஞ்சிய பாவு நூலும் பாதியில் நின்ற துண்டும் கேட்டுப் போயிருந்தேன். குழித்தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடி, "என்ன பண்ணுவீங்க அம்மிணி?" என்றார். செவுத்தில் மாட்டுவேன் என்றேன். முகம் மாறிவிட்டது. "ஜமக்காளத்துல மேல யாராச்சும் உக்காரோணும்" என்றார். கல்யாணம், கருமாதி, சீட்டுக்கட்டு, ஒறம்பரை வந்தால் விரிப்பது என்று எண்ணிக்கொண்டே போனார். நான் வாதம் செய்து பார்த்தேன், எடுபடவில்லை, துண்டும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போய், தரையில் விரிப்பேன், மேலே ஆட்கள் உட்காருவார்கள் என்று சொன்னபின் கொடுத்தார். சொன்ன வாக்குக்காக அந்த வேலை தரையிலேயேதான் விரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரலாம். உட்கார்ந்த இடமெல்லாம் நாளடைவில் தேய்ந்து, நான் மேலே தைத்த காகிதங்கள் கிழிந்து, இப்போது அது முதலில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

சரி, ஈரோட்டில் என்ன இருக்கிறது? மஞ்சள் மண்டியில் ஒரு காலை நின்று பாருங்கள். விரலிக்கும் கிழங்குக்கும் நிற வித்தியாசம் வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று. செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை முடிந்தபின் தரையில் கிடக்கிற சணலும் பொதித் துணியும். பங்குனியில் மாரியம்மன் கோயில் கம்பம்: முக்கவர் மரத்தின் மேல் பெண்கள் நாள்தோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊற்றி, பட்டையின் நிறமே மாறியிருக்கும், கம்பம் பிடுங்குகிற அன்றைக்கு ஊரே மஞ்சளாகும். நான் மூன்று வருஷமாக அதைத் துணியில் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. நீங்கள் உள்ளூர், உங்களுக்கு வரலாம். சென்னிமலைத் தறிகளும் பவானியும் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

போகும்போது கேமராவை விட்டுவிட்டு ஒரு மஞ்சப்பை எடுத்துப் போங்கள். கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள், யார் கொடுத்தார் என்று அன்றைக்கே சீட்டெழுதி உள்ளே போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறந்துவிடும். என்னிடம் பெயரில்லாத கவர்கள் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று, பசை. எல்லாரும் ஆரம்பத்தில் மைதாவில் காய்ச்சுவார்கள், மலிவு என்று. இராமபாணப் பூச்சி முதலில் மைதாவைத் தின்னும், அப்புறம் படத்தை. காய்ச்சித்தான் ஆகவேண்டும் என்றால் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேருங்கள். அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள்.